டீச்சர், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்

மாணவர்களின் மனநலம் பற்றிய பயிற்சி என்று குறுவள மையத்தின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்ததும் எங்கள் ஸ்டாஃப் ரூமில் எழும் முதல் கேள்வி, "மதியச் சாப்பாடு அங்கேயே உண்டா, கட்டிக்கிட்டுப் போகணுமா?" என்பதுதான். இதைச் சொன்னால் ஆசிரியர்களுக்கு அக்கறையே இல்லை என்று யாராவது கிளம்பிவிடுவார்கள். அக்கறை இருக்கிறது. சாப்பாட்டைத் தவிர அங்கிருந்து வேறெதுவும் கிடைக்காது என்கிற அனுபவமும் கூடவே இருக்கிறது.

அந்த ஒரு நாள் எப்படிப் போகும் என்று அரசுப் பள்ளி ஆசிரியர்கள் எல்லோருக்கும் மனப்பாடம். கையெழுத்து, தமிழ்த்தாய் வாழ்த்து, முன்தேர்வு. எல்லோரும் வட்டமாக நின்று பந்தைத் தூக்கிப் போட்டுப் பெயர் சொல்லும் விளையாட்டு. பிறகு புரொஜெக்டரில் மூளையின் குறுக்குவெட்டுப் படம், அதில் அமிக்டலா எங்கே இருக்கிறது என்று ஓர் அம்புக்குறி. டீ, வடை. டீக்குப் பிறகு குழுக்களாகப் பிரிந்து, சார்ட் பேப்பரில் ஸ்கெட்ச் பேனாவால் 'வளரிளம் பருவத்தினர் எதிர்கொள்ளும் சவால்கள்' என்று எழுதி, சுற்றிலும் பூ வரைந்து, ஒருவர் எழுந்து வாசிக்க மற்றவர்கள் கைதட்டுவார்கள். மதியம் ஒரு வீடியோ, கண்ணை மூடி மூச்சுப் பயிற்சி. அதில் இரண்டு பேர் நிஜமாகவே தூங்கிப்போவார்கள். அன்றைக்கு உருப்படியாக மனநலம் பெற்றவர்கள் அவர்கள்தான் என்று நினைத்துக்கொள்வேன். பின்தேர்வு, குரூப் போட்டோ, முடிந்தது.

கருத்தாளர்களைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? அவர்களும் நம்மைப் போன்ற ஆசிரியர்கள்தான். மாநில அளவில் சிலருக்குச் சொல்லி, அவர்கள் மாவட்டத்துக்குச் சொல்லி, மாவட்டம் வட்டாரத்துக்குச் சொல்லி, எங்களிடம் வந்து சேரும்போது மிஞ்சுவது அந்த அமிக்டலாப் படம் மட்டும்தான். கணக்குக்கோ அறிவியலுக்கோ இந்த முறை ஓரளவு தாங்கும். ஒரு பிள்ளை அழும்போது பக்கத்தில் எப்படி உட்கார்வது என்பதை இப்படிக் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுவர முடியாது.

நமக்கு நடப்பது இப்படித்தான் இருக்கும். இடைவேளை முடியப்போகிற நேரம். கையில் சாக்பீஸ் டப்பா, கக்கத்தில் நோட்டுக் கட்டு. ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி வராந்தாத் தூணை நகத்தால் சுரண்டிக்கொண்டே, "டீச்சர், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்கிறாள். மணி அடிக்க மூன்று நிமிடம். அடுத்த வகுப்பில் நாற்பத்தைந்து பேர் சத்தம் போடுகிறார்கள். தலைமையாசிரியர் அந்தப் பக்கமாக வருகிறார். இந்த மூன்று நிமிடத்தில் என்ன செய்வது என்று நான் போன எந்தப் பயிற்சியிலும் சார்ட் பேப்பர் ஒட்டப்படவில்லை.

பிகாரில் நடந்த ஓர் ஆய்வைப் பற்றிப் படித்ததிலிருந்து இந்த விஷயத்தை நான் வேறு மாதிரி பார்க்க ஆரம்பித்தேன். சேஹர் என்று பெயர். நாளந்தா மாவட்டத்தின் அரசு உயர்நிலைப் பள்ளிகளில் நடந்தது. முடிவுகள் 2018-இல் லான்செட் இதழில் வெளியாயின. 75 பள்ளிகளை எடுத்துக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவில் வழக்கமான வளரிளம் பருவக் கல்வி மட்டும். இரண்டாவது பிரிவில் பள்ளிக்கு ஒருவர் என்று வெளியிலிருந்து ஓர் ஆலோசகர். அவர் உளவியல் நிபுணர் கிடையாது, இந்த வேலைக்கென்று பயிற்சி கொடுக்கப்பட்ட சாதாரண ஆள். மூன்றாவது பிரிவில் அதே வேலையை அந்தந்தப் பள்ளியில் இருந்த ஓர் ஆசிரியரிடம் ஒப்படைத்தார்கள். திட்டத்தில் வித்தியாசமில்லை: சுவர்ப் பத்திரிகை, மனதில் உள்ளதை எழுதிப் போட ஒரு பெட்டி, மாணவர் குழுக்கள், தனியாகப் பேச வருகிறவர்களுக்கு ஆலோசனை.

ஒரு கல்வியாண்டு முடிந்ததும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்டுப் பார்த்தார்கள். வெளியாள் இருந்த பள்ளிகளில் பள்ளிச் சூழல் நன்றாகவே மேம்பட்டிருந்தது. மனச்சோர்வு, சக மாணவர்களைச் சீண்டித் துன்புறுத்துவது, வன்முறை எல்லாம் குறைந்திருந்தன. ஆசிரியரிடம் கொடுத்த பள்ளிகளிலோ, வழக்கமான வளரிளம் பருவக் கல்வி மட்டும் நடந்த பள்ளிகளோடு ஒப்பிட்டால் சொல்லிக்கொள்ளும்படி எந்த வித்தியாசமும் இல்லை.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. அப்புறம் அந்த ஆசிரியர் இடத்தில் என்னை வைத்துப் பார்த்தேன். அவருக்கும் ஒரு நாளைக்கு ஐந்தாறு பீரியட் இருந்திருக்கும். காலாண்டுத் தேர்வுத் தாள் திருத்தம், வருகைப் பதிவேடு, தேர்தல் வேலை, யாரோ கேட்கும் புள்ளிவிவரம் எல்லாம் இருந்திருக்கும். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. மதிப்பெண் போடுகிற கை, தாமதமாக வந்தால் வெளியே நிறுத்துகிற கை, அப்பாவுக்கு போன் போடுகிற கை எல்லாம் ஒரே கை. அந்தக் கையிடம் ஒரு பிள்ளை எதைக் கொடுக்கும்? சாயங்காலம் டீக்கடையில் அந்த வராந்தாப் பெண்ணின் சித்தப்பாவோடு நான் பேசிக்கொண்டு நிற்பதையும் அவள் பார்த்திருக்கிறாள்.

இதற்கு நேரெதிராகத் தோன்றும் ஒரு செய்தியும் உண்டு. 2011-இல் ஜோசப் டர்லாக்கும் மற்றவர்களும் சமூக-உணர்வுக் கல்வித் திட்டங்கள் 213-ஐ எடுத்து, 2,70,000-க்கும் மேற்பட்ட மாணவர்களின் தரவுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பெரும்பாலும் அமெரிக்கப் பள்ளிகள். அங்கே வகுப்பாசிரியர்களே நடத்திய திட்டங்களும் பலன் தந்திருக்கின்றன. படிப்பிலும் முன்னேற்றம்: நூறு பேர் வரிசையில் நடுவில் நிற்கும் பிள்ளை பதினோரு இடம் முன்னால் போகும் அளவுக்கு. ஆனால் எல்லாத் திட்டமும் ஒரே மாதிரி வேலை செய்யவில்லை. படிப்படியாகக் கட்டப்பட்டவை, பிள்ளைகளைச் செய்து பழக வைத்தவை, அதற்கென்று தனி நேரம் ஒதுக்கியவை, எந்தத் திறனைச் சொல்லித் தருகிறோம் என்று தெளிவாக வைத்திருந்தவை — இவைதான் தேறின.

இரண்டையும் சேர்த்துப் படித்தால் எனக்குப் புரிவது இதுதான். கோபம் வந்தால் என்ன செய்வது, நண்பனிடம் 'மாட்டேன்' என்று எப்படிச் சொல்வது, சண்டைக்குப் பிறகு எப்படிப் போய்ப் பேசுவது என்பதையெல்லாம் ஆசிரியரால் வகுப்பில் சொல்லித்தர முடியும், பீரியட் கொடுத்தால். டெல்லி அரசு 2018 ஜூலையில் கொண்டுவந்த மகிழ்ச்சிப் பாடத்திட்டத்தைப் பற்றி ஆயிரம் விமர்சனம் இருக்கலாம்; எட்டாம் வகுப்பு வரை தினமும் ஒரு பீரியடை அதற்கென்று எழுதி வைத்தார்கள் என்பதற்காக மட்டும் எனக்கு அதன்மேல் மரியாதை உண்டு. ஆனால் ஆசிரியரையே ஆலோசகராகவும் ஆக்கிவிடுவது வேறு கதை. அதற்கு ஓர் ஆள் வேண்டும். நாம் அந்த ஆளிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறவர்கள். பயிற்சியில் எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியது இந்தக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையைத்தான். அது கேட்பதற்கு எளிதாக இருக்கிறதே தவிர, எளிதில்லை.

ஒரே ஒரு பயிற்சி எனக்கு நினைவில் நிற்கிறது. அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஓர் அம்மா வந்திருந்தார். புரொஜெக்டரை அணைக்கச் சொல்லிவிட்டு மூன்று நாற்காலி போட்டார். ஒருவர் மாணவி, ஒருவர் ஆசிரியர், மூன்றாமவர் பார்வையாளர். பார்வையாளரின் வேலை, ஆசிரியர் எத்தனையாவது வாக்கியத்தில் அறிவுரை சொல்ல ஆரம்பிக்கிறார் என்று குறித்துக்கொள்வது மட்டும். எல்லோருமே இரண்டாவது, மூன்றாவது வாக்கியத்தில் ஆரம்பித்துவிட்டோம். "இதுக்கெல்லாமா அழுவாங்க?", "நீ நல்லாப் படி, எல்லாம் சரியாயிடும்", "நாங்கல்லாம் அந்தக் காலத்துல..." கணக்கு வாத்தியார் ஒருவர் முதல் வாக்கியத்திலேயே, "சரி, இதுக்குத் தீர்வு என்னன்னா" என்று தொடங்க, ஹாலே சிரித்தது.

பிறகு அந்த அம்மா மறுபடி செய்யச் சொன்னார். இந்த முறை அறிவுரைக்குத் தடை. பிள்ளை சொன்னதைத் திருப்பிச் சொல்லலாம், "அப்புறம்?" என்று கேட்கலாம், சும்மா இருக்கலாம். சும்மா இருப்பதற்குத்தான் நாங்கள் பட்ட பாடு! நாள் முழுக்கப் பேசிப் பேசியே சம்பளம் வாங்குகிறவர்கள் அல்லவா? "அப்பாகிட்ட நான் பேசட்டுமா?" என்று ஒரு டீச்சர் பாசமாகக் கேட்டபோது அந்த அம்மா நிறுத்தினார். "பிரச்சினையே அப்பான்னா?" என்று மட்டும் கேட்டார்.

வராந்தாவில் மூன்று நிமிடம்தான் இருக்கிறது என்றால் என்ன செய்வது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. "நீ சொல்ல வந்தது முக்கியம். இப்போ அவசரத்துல கேட்க வேண்டாம். மதியம் சாப்பாட்டு மணி அடிச்சதும் லேப் வாசல்ல இருப்பேன், வா" என்று நேரமும் இடமும் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும். சொன்னால் அங்கே இருக்க வேண்டும். அதற்கு முன்னால் ஒன்றை மட்டும் அவசரமாகக் கேட்டுவிட வேண்டும்: இப்போதே உனக்கு ஏதாவது ஆபத்தா?

இதை ஒட்டி அவர் சொன்ன இன்னொன்று எங்கள் எல்லோரையும் நெளிய வைத்தது. வாழப் பிடிக்கவில்லை என்கிற மாதிரி ஒரு பிள்ளை பேசினால், "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேட்கலாம், கேட்க வேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஒருவராவது இதைக் கேட்டாரே என்கிற ஆறுதல்தான் பெரும்பாலும் வரும். ஆம் என்று பதில் வந்தால் பிள்ளையைத் தனியாக விடக்கூடாது, அன்றைக்கே அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் உதவி எண் 14416 இரவிலும் எடுக்கும், தமிழிலும் பேசலாம். இந்த எண்ணை ஆசிரியர் தன் போனிலேயே வைத்திருக்க வேண்டும், நோட்டீஸ் போர்டில் அல்ல.

கேட்டுவிட்டு என்ன வாக்குக் கொடுக்கிறோம் என்பதில்தான் பெரும்பாலோர் மாட்டிக்கொள்கிறார்கள். பிள்ளை முதலில் கேட்பதே, "யார்கிட்டயும் சொல்லமாட்டீங்களே?" என்பதுதான். பாசத்தில் "சத்தியமாச் சொல்லமாட்டேன்" என்று தலையாட்டிவிட்டால், அடுத்த வாக்கியத்தில் அவள் பாலியல் சீண்டலைப் பற்றிச் சொல்லலாம். 2012-இன் போக்சோ சட்டப்படி, தெரிந்த பிறகு காவல்துறைக்குத் தெரிவிக்காமல் இருப்பது குற்றம். ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை உண்டு. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், கொடுத்த சத்தியத்தை மீறும் பெரியவர்கள் பட்டியலில் நாமும் சேர்ந்துவிடுவோம். அதனால் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது: "தேவையில்லாம யார்கிட்டயும் சொல்லமாட்டேன். உன் பாதுகாப்புக்காகச் சொல்லியே ஆகணும்னா, உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்லுவேன்." இந்த இரண்டு வாக்கியத்தை வாய்விட்டுப் பத்து முறை சொல்லிப் பழகவேண்டியிருந்தது. எழுத்தில் படித்தால் வராது. அந்த நேரத்தில் நாக்கு பழைய வழியிலேயே போகும்.

நாங்குநேரியை நினைக்காமல் இதைப் பற்றி என்னால் எழுத முடியாது. 2023 ஆகஸ்டில் பன்னிரண்டாம் வகுப்பு படித்த ஒரு தலித் மாணவனை, கூடப் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள்; தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. சாதியைச் சொல்லிச் செய்த தொல்லை தாங்காமல் அவன் பள்ளிக்கு வராமல் இருந்திருக்கிறான். ஏன் வரவில்லை என்று பள்ளியில் விசாரித்தபோது நடந்ததைச் சொல்லியிருக்கிறான். அதற்குப் பிறகுதான் அந்த இரவு. இந்தச் செய்தியைப் படித்த ஒவ்வோர் ஆசிரியருக்கும் வயிற்றைப் பிசைந்திருக்கும். கேட்டதில் தவறே இல்லை. ஆனால் பிள்ளை வாயைத் திறந்த நிமிடத்திலிருந்து அவனுக்கு ஆபத்து கூடுகிறது என்பதையும், அன்று சாயங்காலம் அவன் எப்படி வீட்டுக்குப் போவான் என்பதிலிருந்து யோசிக்க வேண்டும் என்பதையும் எங்களுக்கு எந்தப் பயிற்சியும் சொல்லித்தந்ததில்லை.

அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் கட்டும் வண்ணக் கயிறுகளுக்குத் தடை, பள்ளிப் பெயர்களில் இருக்கும் சாதிப் பெயர்களை நீக்குவது என்று செய்திகளில் அடிபட்டவை பல. எனக்கு முக்கியமாகப் பட்டது, பள்ளிகளில் நல அலுவலர் என்று ஒரு பொறுப்பை உருவாக்கச் சொன்னது. நாளந்தாவில் வேலை செய்ததும் ஏறக்குறைய இதுதானே? பாடம் நடத்தாத, மதிப்பெண் போடாத ஒருவர்.

இப்போது யாரும் பேச விரும்பாத இடத்துக்கு வருகிறேன். பிள்ளைகளின் மன உளைச்சலுக்கு வீடு, செல்போன், காதல், சினிமா என்று எங்கள் சார்ட் பேப்பர்களில் எல்லாக் காரணமும் இருக்கும். ஆசிரியர் என்கிற காரணம் மட்டும் இருக்காது. விடைத்தாளை மதிப்பெண் வரிசைப்படி கொடுத்து, கடைசித் தாளைத் தூக்கிப் போடுவது; "அந்தத் தெருப் பசங்களா, அப்படித்தான் இருப்பாங்க" என்பது; பெரிய மனுஷி ஆகி விடுப்பு எடுத்த பிள்ளையை வகுப்பில் வைத்துக் கிண்டலாக ஏதோ கேட்பது. கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல்ரீதியான தண்டனையோடு மனரீதியான துன்புறுத்தலையும் சேர்த்தே தடை செய்கிறது. அடிக்கக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். வாக்கியத்தின் மறுபாதி பலருக்குத் தெரியாது.

ஒவ்வொரு பயிற்சியிலும் யாராவது ஒருவர் எழுந்து, "அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க" என்பார். ஹால் சிரிக்கும், கருத்தாளரும் சிரிப்பார். பயிற்சி அந்த நிமிடத்தில் முடிந்துவிடுகிறது என்பேன். மீதி நேரம் சம்பிரதாயம். அந்தச் சிரிப்புக்குப் பிறகு, "சார், உங்களை அடிச்ச வாத்தியாரைப் பத்திக் கொஞ்சம் சொல்லுங்களேன்" என்று கேட்கத் தெரிந்த ஒரு கருத்தாளர் கிடைத்தால் போதும். அந்த மூன்று நாற்காலி அம்மா அதைத்தான் கேட்டார். பழமொழி சொன்னவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னதை நான் இங்கே எழுதப்போவதில்லை, அது அவருடையது. மதியம் அவர் சாப்பிடாமல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார், இரண்டு பேர் டீ வாங்கிக்கொண்டு போனார்கள்.

ஆசிரியர்களின் மனசு பற்றியும் சொல்லவேண்டும். பிரிட்டனில் மிரியட் என்று ஒரு பெரிய ஆய்வு, 2022-இல் முடிவு வந்தது. எண்பதுக்கும் மேற்பட்ட பள்ளிகளில், 8,000-க்கும் அதிகமான மாணவர்களோடு, மனத்தை ஒருமுகப்படுத்தும் பயிற்சியை ஆசிரியர்கள் வழியாக நடத்திப் பார்த்தார்கள். பிள்ளைகளின் மனநலத்தில், வழக்கமாகப் பள்ளிகள் செய்வதைவிட அது எந்த வகையிலும் மேலாக இல்லை. ஆனால் பயிற்சி எடுத்த ஆசிரியர்களின் சோர்வு குறைந்தது, கொஞ்ச காலத்துக்காவது. இதைத் தோல்வி என்று எழுதினார்கள். எங்கள் ஊரில் இப்படி ஒரு தோல்வி கிடைத்தால் நான் வரவேற்பேன். தேர்ச்சி சதவீதத்துக்காகக் கூட்டத்தில் நிற்க வைத்துத் திட்டு வாங்கிவிட்டு வரும் ஆசிரியர், அடுத்த பீரியடில் பத்தாம் வகுப்புப் பையனிடம் பொறுமையாகப் பேசுவார் என்று எதிர்பார்ப்பது பேராசை. அந்தத் திட்டு படியிறங்கி அவன் தலையில்தான் விழும். ஆகவே தலைமையாசிரியர்களும் கல்வி அலுவலர்களும் முதல் வரிசையில் உட்காராத மனநலப் பயிற்சியால் பயன் இல்லை. தொடங்கி வைத்துப் பேசிவிட்டு, "எனக்கு இன்னொரு மீட்டிங் இருக்கு" என்று போய்விடுவதை உட்கார்ந்ததாகச் சேர்க்க முடியாது.

'மாணவர் மனசு' பெட்டி நம் அரசுப் பள்ளிகளில் இருக்கிறது. நாளந்தாவில் வைத்த பெட்டியும் இதே சாதிதான். நான் பார்த்த சில பள்ளிகளில் அது தலைமையாசிரியர் அறை வாசலிலேயே, எழுத்தர் கண்ணுக்கு நேராகத் தொங்குகிறது. எந்தப் பிள்ளை போடும்? தண்ணீர்க் குழாய்க்குப் போகும் வழியிலோ மாடிப்படித் திருப்பத்திலோ மாற்றி வைத்தாலே பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி, அதை யார் திறக்கிறார்கள், என்றைக்குத் திறக்கிறார்கள், போட்டதற்கு என்ன நடந்தது என்று பிரேயரில் பெயர் சொல்லாமல் அறிவிக்கிறார்களா என்பது. 'கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்று ஒருவர் எழுதியிருந்தார், போட்டாயிற்று' என்று ஒரு முறை அறிவித்துப் பாருங்கள். தாழ்ப்பாளைப் பற்றி எழுதிப் பலன் கண்ட பிறகுதான் பிள்ளைகள் மற்றதை எழுதுவார்கள்.

எனக்கு வேண்டிய பயிற்சி ஒரு நாள் முழுக்க நடக்கத் தேவையில்லை. மாதத்துக்கு ஒரு மணி நேரம், அதே எட்டுப் பத்துப் பேர், வருஷம் முழுக்க. பெயர், வகுப்பு, ஊர் எதுவும் சொல்லாமல் ஒருவர் தனக்கு வந்த ஒரு விஷயத்தை எடுத்து வைக்க வேண்டும். எங்கே திணறினேன், என்ன சொன்னேன், அடுத்து யாரிடம் போனேன் என்று பேச வேண்டும். மாவட்ட மனநலத் திட்டத்திலிருந்தோ குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்தோ ஒருவர் கூட இருக்க வேண்டும், உரை நிகழ்த்த அல்ல, முகம் தெரிவதற்கு. குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழைப்பது ஒன்று. "போன மாசம் வந்தாரே, அந்த மேடம்" என்று கூப்பிட ஓர் ஆள் இருப்பது வேறு.

இதை ஒரு பக்கத்தில் எழுதி வட்டார வள மையத்தில் கொடுத்தேன். ஆசிரியர் பயிற்றுநர் நல்ல மனிதர், முழுக்கப் படித்தார். "நல்லாத்தான் இருக்கு டீச்சர், ஆனா தலைப்பு மேலேருந்து வரணும்" என்றார். வரும்போது வரட்டும் என்று நானும், பக்கத்துப் பள்ளித் தமிழாசிரியையும், அந்தக் கணக்கு வாத்தியாரும், இன்னும் இரண்டு பேரும் மாதக் கடைசி வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் பள்ளி அறிவியல் லேபில் உட்காருகிறோம். ஆன் டியூட்டி கிடையாது, சான்றிதழ் கிடையாது, டீ எங்கள் செலவு. கணக்கு வாத்தியார் இப்போது ஆறாவது, ஏழாவது வாக்கியம் வரை தாக்குப்பிடிக்கிறார்.